வசதியில்லாதவர்கள் போகிற பழைய ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் ஏன் வருகிறார்கள்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சியோலில் படிக்கிறீர்கள். சுளுக்கிய காலைக் காட்ட உல்ஜிரோ பக்கம் இருக்கும் தேசிய மருத்துவ மையத்துக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே கழுத்தில் அட்டை தொங்க, பல நாட்டு டாக்டர்களும் நர்சுகளும் கூட்டமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கொரிய நண்பரிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "அது வசதியில்லாதவர்கள் போகிற பழைய ஆஸ்பத்திரி ஆயிற்றே, ஆசான், சாம்சங் மாதிரி பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாம் இருக்கும்போது அங்கே என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?" என்றிருக்கிறார். ஆக இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் அந்த ஆஸ்பத்திரி? குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியபின் ஏதாவது மிஞ்சுகிறதா? முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியர். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை, அதில் சில வருடங்கள் வெளிநாட்டு உதவியில் நடந்த திட்டங்களில். அதனால் மருந்து, நோய் பற்றி நான் சொல்வதைவிட இரும்பு, ரப்பர், ரசீது பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாக நம்புங்கள்.

உங்கள் நண்பருக்குத் தெரியாத, அல்லது மறந்துபோன ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆஸ்பத்திரியே வெளிநாட்டு உதவியில் பிறந்ததுதான். 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் ஸ்காண்டிநேவிய நாடுகள் மூன்றும் படைகளுக்குப் பதிலாக மருத்துவக் குழுக்களை அனுப்பின. டென்மார்க் யுட்லாண்டியா என்ற கப்பலை ஆஸ்பத்திரியாக மாற்றி அனுப்பியது. ஸ்வீடனின் செஞ்சிலுவைச் சங்கம் புசானில் கள மருத்துவமனை நடத்தியது. நார்வே போர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு நடமாடும் அறுவைச் சிகிச்சை முகாம் போட்டது. சிப்பாய்களுக்கு என்று வந்தவர்கள் கடைசியில் ஏராளமான சாதாரண ஜனங்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். 1953இல் சண்டை நின்ற பிறகும் ஸ்வீடன்காரர்கள் புசானை விட்டுப் போகவில்லை, 1957 வரை இருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. இந்தியாவும் அந்தப் போருக்கு மருத்துவக் குழுவைத்தான் அனுப்பியது. 60ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் என்று பெயர். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழர். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையோடு அவரும் அவருடைய குழுவில் சிலரும் குதித்து, கீழே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். ராணுவத்தை விட்ட பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலை பார்த்தார். சியோலில் இருக்கிறீர்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். போர் முடிந்த ஊரில் கட்டடமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்களும் போதவில்லை. 1956இல் மூன்று ஸ்காண்டிநேவிய நாடுகளும், கொரிய அரசும், ஐ.நா.வின் கொரிய மறுசீரமைப்பு முகமையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. 1958இல் சியோலில் தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. ஸ்காண்டிநேவியர்கள் ஆட்களையும் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். கொரிய இளம் டாக்டர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றார்கள். கூடவே நர்சிங் பள்ளியும் நடந்தது. டாக்டர் டேனிஷ்காரர், நர்ஸ் ஸ்வீடன்காரர், நோயாளி ஜொல்லா மாகாணத்து விவசாயி. எல்லோருக்கும் நடுவில் அரைகுறை ஆங்கிலம். வளாகத்துக்குள் அவர்களுக்காக ஸ்காண்டிநேவியன் கிளப் என்று ஒரு சாப்பாட்டுக்கூடம் இருந்தது. கொரியாவில் பஃபே சாப்பாடு அங்கேதான் தொடங்கியது என்று சொல்வார்கள். சுகாதார ஒத்துழைப்பில் எது எப்படி வேர்விடும் என்று யாராலும் திட்டம் போட முடியாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அது.

பத்து வருடம் கழித்து, 1968இல், ஆஸ்பத்திரி முழுவதுமாகக் கொரிய அரசின் கைக்கு வந்தது. இந்தத் தேதியை நான் பெரிதாக நினைக்கிறேன். உதவித் திட்டங்களில் தொடக்க விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். சாவியை ஒப்படைக்கிற நாளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அதை நோக்கி வேலை செய்வது அபூர்வம். ஒப்படைத்த பிறகு என்ன ஆனது என்றால், அதுவும் உங்கள் நண்பரின் சிரிப்புக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் நாட்டிலேயே நவீனமான ஆஸ்பத்திரி என்று பேர் வாங்கிய இடம் மெல்லப் பின்தங்கியது. 1989இல் ஆசான் வந்தது, 1994இல் சாம்சங் வந்தது. பணமும் பெரிய டாக்டர்களும் அந்தப் பக்கம் போக, வசதியில்லாதவர்களைப் பார்க்கும் பொறுப்பு இங்கே தங்கியது. இடம் மாற்றிப் புதிதாகக் கட்டுவது பற்றி இருபது வருடமாகப் பேச்சு நடக்கிறது. தெற்கே ஓர் இடம் என்றார்கள், கைவிட்டார்கள். இப்போது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இருந்த பழைய இடம் என்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை.

ஆனால் வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதில்தான் அவர் தவறிவிட்டார். ரோபோ அறுவை சிகிச்சை பார்க்க வேண்டுமென்றால் ஆசானுக்குத்தான் போக வேண்டும். போகவும் செய்கிறார்கள். ஒரு ஏழை நாட்டின் சுகாதார அமைச்சக அதிகாரிக்கு இருக்கும் தலைவலி வேறு. விபத்தில் அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு போகும் ஆம்புலன்ஸ்காரருக்கு எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று எப்படித் தெரியும்? அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் கணக்கை நாடு முழுவதும் ஒரே மாதிரி எப்படி எழுதுவது? இந்த வேலையைக் கொரியாவில் செய்கிற மத்திய அவசர மருத்துவ மையம் அந்தப் பழைய வளாகத்தில்தான் வளர்ந்தது. அதன் தலைவராக இருந்த டாக்டர் யூன் ஹான்-டொக், நாடெங்கும் உள்ள அவசரப் பிரிவுகளை ஒரு வலைப்பின்னலில் கொண்டுவந்தவர், டாக்டரையே ஏற்றிக்கொண்டு நோயாளியிடம் பறக்கும் டாக்டர் ஹெலிகாப்டர் திட்டத்துக்கும் முன்நின்றவர். 2019 பிப்ரவரியில், அவர்கள் ஊர்ப் புத்தாண்டு விடுமுறையில் எல்லோரும் சொந்த ஊர் போயிருக்க, அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே இறந்து கிடந்தார். வயது 51. வெளிநாட்டிலிருந்து வருகிற குழுவுக்கு அந்த ஏற்பாட்டைக் காட்டுகிறவர்கள் அது என்ன விலை கேட்டது என்பதையும் சொல்கிறார்களா தெரியாது. சொன்னால் நல்லது.

இன்னொன்று, தொற்றுநோய். 2015 மே 20ஆம் தேதி வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பிய ஒருவருக்கு மெர்ஸ் என்ற சுவாசத் தொற்று உறுதியானது. அதற்குள் அவர் பல ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கியிருந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் 186 பேருக்குத் தொற்றியது, கடைசியில் 38 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாத் தொற்றும் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே நடந்தது. பல படுக்கை போட்ட அறை, துணைக்கு இருக்கும் சொந்தக்காரர்கள், பார்க்க வருகிற கூட்டம், பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும் என்று அவசரப் பிரிவில் நாள்கணக்கில் காத்திருப்பவர்கள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி வார்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிகப் பெரிய தொற்றுக் கொத்து உருவானது சியோலின் பேர்பெற்ற தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில்தான். அப்போது அரசு, தேசிய மருத்துவ மையத்தை மெர்ஸுக்கான மைய ஆஸ்பத்திரியாக அறிவித்து, அங்கே இருந்த மற்ற நோயாளிகளை வேறு இடங்களுக்கு அனுப்பியது. அந்த மற்ற நோயாளிகள் யார்? வேறு எங்கும் சுலபமாக இடம் கிடைக்காதவர்கள்தான் அதில் நிறைய பேர். 2020இல் கொரோனா வந்தபோதும் இதே சுமை இதே இடத்துக்கு வந்தது.

ஒரு ஆஸ்பத்திரியைச் சில நாட்களில் எப்படிக் காலி செய்வது, யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும், டயாலிசிஸ் நோயாளியை எங்கே அனுப்புவது, துணி துவைக்கிறவருக்கு யார் கவசம் மாட்டக் கற்றுத் தருவது: இதெல்லாம் பளபளப்பான ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிற பாடம் இல்லை. அதைத் தலையில் சுமந்தவர்களிடம்தான் கேட்க முடியும். 2021இல் சாம்சங் குழுமத்தின் மறைந்த தலைவர் லீ குன்-ஹீயின் குடும்பம் தொற்றுநோய் எதிர்ப்புக்கென்று 70,000 கோடி வொன் கொடுப்பதாக அறிவித்தது. அதில் 50,000 கோடி, இந்த மையத்தின்கீழ் தனித் தொற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்கு. ஆசானையும் சாம்சங்கையும் சொல்லிச் சிரித்த நண்பருக்கு இதையும் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் பணம். "நம் வரிப்பணத்தில் ஊரான் பிள்ளைக்குப் பாடமா?" என்ற கோபம் உங்கள் கேள்வியின் ஓரத்தில் தெரிந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களின் செலவு பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் சொந்தப் பையிலிருந்து போவதில்லை. அதற்கென்று கொரிய அரசின் வெளிநாட்டு உதவி முகமையான கொய்க்கா இருக்கிறது, 2006இல் தொடங்கிய கோஃபி என்ற சர்வதேச சுகாதார அமைப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்து 2006இல் பதவியிலேயே இறந்த டாக்டர் லீ ஜோங்-வூக் பெயரில் கோஃபி ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. டாக்டர்கள், நர்சுகளோடு கருவி பழுதுபார்க்கிறவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. என் தொழில்காரர்கள் என்பதால் சொல்லவில்லை, இந்த ஒரு பிரிவுக்காகவே அந்தத் திட்டத்தின்மேல் எனக்கு மரியாதை.

ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதை. வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. நன்கொடையாக வந்த பெரிய ஆட்டோகிளேவ் ஒன்று, அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தப்படுத்தும் இயந்திரம். நான் முதலில் பார்த்தபோது அதன் மேல் மடித்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அலமாரியாக உழைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் கிழட்டு பிரஷர் டிரம்மை ஸ்டவ்மேல் வைத்துக் கத்தரிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். கோளாறு என்னவென்றால், கதவின் ரப்பர் கேஸ்கெட் வெடித்திருந்தது. நம் வீட்டுக் குக்கர் கேஸ்கெட் போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான், அளவு மட்டும் பெரிசு. கையேடு யாருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. எந்த எண்ணைச் சொல்லி ஆர்டர் போடுவது என்றே தெரியாமல் கிடப்பில் போட்டுவிட்டார்கள். இது ஏதோ ஓர் இடத்து அவலம் இல்லை. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் கருவிகளில் சுமார் 40 விழுக்காடு இயங்காமல் கிடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் கண் பார்த்ததற்கு அந்த எண் பொருந்திப் போகிறது.

அந்த ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன் சில வாரங்கள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. உதிரிபாக எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, ஆட்டோகிளேவ் கதவிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தார். வருஷாந்திர இன்டென்ட்டில், அதாவது தேவைப் பட்டியலில், கேஸ்கெட் இரண்டு என்று ஒரு வரி சேர்த்தார். ஒன்றரை வருடத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். பயிற்சி வீண் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு ஒருமுறை போனபோது, புதிதாக வந்த ஆள் அந்த மார்க்கர் எழுத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதை எழுதியவர் யாரென்றே தெரியாது.

இதே கதையை நாட்டளவில் பார்க்க வேண்டுமானால் சியோலை விட்டு டோக்கியோ பக்கம் திரும்ப வேண்டும். அங்கே இருந்த தேசிய சர்வதேச மருத்துவ மையத்தில் 1986இலிருந்தே வெளிநாட்டு ஒத்துழைப்புக்கென்று தனிப் பிரிவு இயங்கியது. 2025 ஏப்ரலில் அந்த மையத்தையும் தேசிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அந்த ஒத்துழைப்புப் பிரிவின் ஆட்கள் 1990களில் கம்போடியாவின் புனாம்பென்னில் தாய் சேய் நல மையத்தில் வேலை செய்தார்கள். கட்டடம் ஜப்பான் கொடுத்தது, 1997இல் திறந்தார்கள். ஆனால் நான் கவனித்தது பிரசவ அறையை அல்ல, பணம் கட்டும் ஜன்னலை. அரசு ஊழியர் சம்பளம் குடும்பம் நடத்தக் காணாது. அதனால் நோயாளிகளிடம் கையில் வாங்குவது அங்கே வழக்கமாக இருந்தது. இன்ன சேவைக்கு இவ்வளவு என்று கட்டணத்தை எழுதிப்போட்டு, ரசீது கொடுத்து, இல்லாதவர்களுக்கு விலக்கு அளித்து, வந்த பணத்தில் ஒரு பங்கை ஊழியர்களுக்கே ஊக்கத்தொகையாகத் தந்தார்கள். நோயாளிகள் வருகை கூடியது, ஊழியர்களின் போக்கும் மாறியது. இவ்வளவும் பதிவாகியிருக்கிறது. கட்டணம் என்ற சொல்லைக் கேட்டே வாசல்வரை வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த ரசீதுப் புத்தகத்திலும் ஏறாது. அதனால் இதை முழு வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

வியட்நாம் தலைநகர் ஹனோயின் கதை இன்னும் சுவாரசியமானது. அங்குள்ள பாக் மாய் ஆஸ்பத்திரியோடு ஜப்பானியர்கள் 2000இலிருந்து சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2003 பிப்ரவரி கடைசியில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தது. முதல் நோயாளி போனது நகரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டர்களும் நர்சுகளும் வரிசையாக விழுந்தார்கள். அடுத்து நோயாளிகளை ஏற்ற பாக் மாயில் ஊழியர்களுக்குத் தொற்றவில்லை. காரணம் தேடியவர்கள் முகக்கவசம், தனிமைப்படுத்தல் எல்லாவற்றோடும் இன்னொன்றையும் குறித்துக்கொண்டார்கள்: உயரமான கூரை, விசாலமான அறை, திறந்து வைத்த ஜன்னல்கள், மின்விசிறி. ஏசி போட்டு மூடிய அறையில் நடந்தது இங்கே நடக்கவில்லை. இதில் காற்றின் பங்கு எவ்வளவு, கவசத்தின் பங்கு எவ்வளவு, நோயாளிகள் எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்பதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு முடியாது. ஆனால் 2003 ஏப்ரல் 28இல் சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடு என்று வியட்நாம் அறிவிக்கப்பட்டது நிச்சயம். கற்றுக்கொடுக்கப் போனவர்கள் அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பதும் நிச்சயம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது என்ன மிஞ்சுகிறது என்பதற்கு, நேராகப் பதில். ஒரு பயிற்சியால் இத்தனை உயிர் பிழைத்தது என்று யாராவது எண்ணைக் காட்டினால் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு நாட்டில் பிரசவ மரணம் குறைந்தால் அதில் சாலைக்கும், பெண்கள் படிப்புக்கும், குடிதண்ணீருக்கும், சம்பளத்துக்கும் பங்கு இருக்கும். மூன்று வாரப் பயிற்சியின் பங்கைத் தனியே பிரித்து எடுக்கும் தராசு கிடையாது. கொரியாவையே எடுங்கள். 1958இலிருந்து அந்த ஆஸ்பத்திரி பயிற்றுவித்தவர்கள் நாட்டின் மருத்துவத்தை மாற்றினார்கள் என்கிறோம். அதே காலத்தில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆசிரியர்கள் பலர் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார்கள். நாட்டின் வருமானமும் ஏறியது. எந்தக் கை இழுத்து ஓடம் நகர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லலாம். தனி ஆளாக வந்து போனவரைவிட, ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர், நர்ஸ், ஸ்டோர் கீப்பர், டெக்னீஷியன் என்று நான்கு பேர் வந்து போன இடத்தில் மாற்றம் நிற்கிறது. தனி ஆள் ஊர் திரும்பி "அங்கே இப்படிச் செய்கிறார்கள்" என்றால், "அது பணக்கார நாடு சார்" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள். நான்கு பேர் இருந்தால் அது நடக்காது. அதே இரண்டு ஆஸ்பத்திரிகள் பத்து வருடம் விடாமல் ஒட்டியிருப்பதும் பலன் தருகிறது. வருடத்துக்கு ஒரு புது நாட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு போட்டோ எடுப்பது பெரும்பாலும் தருவதில்லை. பயிற்சி பெற்ற டாக்டர் சில வருடங்களில் வேறு நாட்டுக்கே வேலைக்குப் போய்விடுவதும் உண்டு. அதை அவர் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கேரளத்து, தமிழ்நாட்டு நர்சுகளை உலகம் முழுக்க அனுப்பிவிட்டு நாம் அதைப் பேசுவது சரியாக இருக்காது. ஆனால் கணக்கில் அதுவும் சேர வேண்டும்.

கால் இப்போது எப்படி இருக்கிறது? மறுபடி அந்தப் பக்கம் போக நேர்ந்தால், அட்டை மாட்டிய கூட்டத்தில் டாக்டர்களையே பார்க்காமல் ஓரமாக நின்று, ஏதாவது கருவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் யாராவது இருக்கிறாரா என்று கவனியுங்கள். இருந்தால் என் கணக்கில் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அவர் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை கருவி அலமாரியாக இருக்கிறது என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.